முதல் மோட்டார்ஹோம் பயணம்: புதியவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று குடும்பத்தோடு ஏறிவிடுகிறவர்கள் பெரும்பாலும் நான்கு எண்களில் மாட்டிக்கொள்கிறார்கள். வண்டியின் உயரம், நிறைந்த எடை, பேட்டரி தாங்கும் நேரம், தொட்டியில் உள்ள தண்ணீர். இந்த நான்கையும் கிளம்பும் முன்பே தாளில் எழுதி ஓட்டுநருக்கு எதிரே ஒட்டிவையுங்கள். கோலாலம்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ முதல்முறையாகப் புறப்படுகிறவர்களுக்கு நேரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு தாளிலேயே அடங்கும்.

வண்டியை எடுக்கும்போது

முதலில் உங்கள் லைசென்ஸைப் பாருங்கள். டிஏ வகுப்பு என்றால் ஆட்டோ கியர் வண்டி மட்டும்தான் ஓட்டலாம். வாடகைக்குக் கிடைக்கும் வேன்களில் பல மேனுவல். டி வகுப்பு லைசென்ஸ் இரண்டுக்கும் செல்லும், ஆனால் சுமையில்லாத எடை 3,500 கிலோவைத் தாண்டாத வண்டிகளுக்கு மட்டும். தகுதியில்லாத லைசென்ஸோடு ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதி கைகொடுக்காது.

சொந்தமாக வேன் வாங்கி உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு பொருத்த நினைப்பவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனுமதி கேட்க வேண்டும். முடித்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சாலை வரி புதுப்பிக்கும்போதோ காப்புறுதி கோரும்போதோ அது திரும்பி வந்து நிற்கும்.

வாடகை வண்டி என்றால் சாவியை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். உரிமையாளரை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நீங்களே இயக்கிப் பாருங்கள். தண்ணீர் பம்ப் சுவிட்ச், கேஸ் வால்வு, இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி), கழிப்பறைத் தொட்டியை வெளியே இழுக்கும் கதவு, பக்கவாட்டு ஆனிங்கை (வண்டியின் பக்கத்தில் விரியும் துணிக்கூரை) விரிக்கும் கைப்பிடி, ஸ்பேர் டயர், ஜாக்கி. ஒரு மணி நேரம் பிடிக்கும். அவர் செய்துகாட்ட நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றால் இரவு எட்டு மணிக்கு மழையில் எதுவும் ஞாபகம் வராது. வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள், கூரையையும் சேர்த்து. பெட்ரோலா டீசலா என்று எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கார் ஓட்டிப் பழகிய கை, பம்புக்குப் போனதும் தானாகவே பெட்ரோல் குழாயை எடுத்துவிடும். டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டால் இஞ்சினை இயக்கவே கூடாது. அப்படியே தள்ளி நிறுத்தி, தொட்டியைக் காலி செய்ய ஆளைக் கூப்பிட வேண்டும். இஞ்சினை இயக்கிய பிறகு செலவு பல மடங்கு.

உயரம்

கூரை உயர்ந்த சாதாரண வேனே ஏறக்குறைய 2.2 மீட்டர் நிற்கும். மேலே ஏர்கண்டிஷன் பொருத்தினால் இன்னும் 20 முதல் 25 சென்டிமீட்டர் கூடும். தனி உடல் கட்டிய மோட்டார்ஹோம் 3 மீட்டரை நெருங்கும். நம் பேரங்காடிகளின் அடித்தள நிறுத்துமிடங்களில் தொங்கும் கட்டை 2 முதல் 2.2 மீட்டர்தான்.

இதில் அடிக்கடி நடப்பது இப்படி. சரிவில் இறங்கத் தொடங்கிய பிறகுதான் ஓட்டுநர் பலகையைப் பார்ப்பார். பின்னால் மூன்று கார்கள் நிற்கும், பின்னுக்கு எடுக்க முடியாது. மஞ்சள் கறுப்புக் கட்டை சங்கிலியில் தொங்குவதால் கண்ணாடியைத் தொட்டு ஆடி வழிவிடும், ‘போய்விட்டோம்’ என்று நினைப்பார். அதற்குப் பிறகு வரும் கான்கிரீட் உத்தரம் வழிவிடாது. ஏர்கண்டிஷன் பெட்டி பெயர்ந்து, கூரையில் கைபோகும் அளவுக்கு ஓட்டை விழும்.

கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கப் பாதையிலும் உயரக் கட்டுப்பாடு உண்டு. வழிகாட்டிச் செயலிகள் காருக்குத்தான் பாதை போடுகின்றன, உங்கள் வண்டியின் உயரம் அவற்றுக்குத் தெரியாது. அதனால் நகருக்குள் நுழையும் முன்பே பாதையைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்யுங்கள். உயரத்தை நீங்களே அளக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, கூரையில் மிக உயரமான பொருளின் மேல் நீண்ட சட்டத்தைக் கிடையாக வைத்து, அதன் முனையிலிருந்து தரைக்கு டேப் பிடியுங்கள். கிடைத்த எண்ணோடு 10 சென்டிமீட்டர் சேர்த்து எழுதுங்கள். காலி வண்டியில் அளந்தால் எண் சற்றுக் கூடவே வரும், அது நல்லதுதான்.

ஜார்ஜ்டவுனில் ஆபத்து வேறு இடத்திலிருந்து வரும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரப் பகுதியில் சாலைகள் குறுகல், இருபுறமும் கார்கள். கடைகளின் தகரக் கூரையும் சாலையோர மரக்கிளையும் இடது ஓரத்தில் சரியாக உங்கள் கூரை முனைக்கு நேரே நிற்கும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே பேருந்திலோ கிராப்பிலோ போவதே நல்லது. பட்டர்வொர்த் படகு இப்போது கார்களை ஏற்றுவதில்லை, பாலம் வழியாகத்தான் தீவுக்குப் போக வேண்டும்.

எடையும் டயரும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் பெரிய ஆள் ஒன்றரைப் பேர் கூடுதலாக ஏறியதாகக் கணக்கு. 14 கிலோ கேஸ் சிலிண்டர் இரும்போடு சேர்ந்து 28 கிலோ அளவுக்கு வரும். நான்கு பெரியவர்கள் 280 கிலோ. ஐஸ் பெட்டி, அரிசி, பாத்திரம், மெத்தை, ஆனிங், நாற்காலி என்று சேர்த்துப் பாருங்கள். 600 கிலோ தாங்கும் என்று சொல்லப்பட்ட வண்டி புறப்படும்போதே நிறைந்திருக்கும்.

ஊகிக்க வேண்டாம். பழைய இரும்புக் கடைகளிலும் எண்ணெய்ப்பனை ஆலைகளிலும் லோரி எடைபோடும் மேடை இருக்கும், கேட்டால் சிறு கட்டணத்துக்கு அளந்து கொடுப்பார்கள். எல்லோரும் ஏறி, எல்லாம் ஏற்றிய பிறகு அளவெடுங்கள். முன்சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்போது ஒன்று, முழு வண்டியும் நிற்கும்போது ஒன்று. கழித்தால் பின் அச்சின் சுமை கிடைக்கும். பின்புறம் சைக்கிளும் பெட்டிகளும் கட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் மீறும்.

டயர் காற்றை வண்டி ஓடும் முன், குளிர்ந்த நிலையில் பாருங்கள். அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். காருக்குப் போடும் அளவைப் போட்டால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கும். டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம், உதாரணமாக 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். மோட்டார்ஹோம் அதிகம் ஓடாது, வெய்யிலில் நிற்கும். அதனால் பூ தேயாமலே ரப்பரில் விரிசல் விழுந்துவிடும். ஆறு வருடத்துக்கு மேற்பட்டது என்றால் பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடச் சொல்வோம்.

ஓட்டுவதில்

ஒரு மணி நேரப் பயிற்சி போதும், ஆனால் அது கட்டாயம். புக்கிட் ஜாலில் அரங்கமோ பத்து காவான் அரங்கமோ, நிகழ்ச்சி இல்லாத நாளில் பெரிய நிறுத்துமிடம் எதுவானாலும் சரி. அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது வால்வீச்சு. பின்சக்கரத்துக்குப் பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, நீங்கள் வலப்பக்கம் திருப்பும்போது இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பம்பிலிருந்து வெளியேறும்போது தூணில் உரசுவது இதனால்தான். பிளாஸ்டிக் வாளி ஒன்றை வண்டியின் பின்மூலைக்குப் பக்கத்தில் அரை மீட்டர் தள்ளி வைத்து முழுத் திருப்பத்தில் மெதுவாக நகருங்கள். வாளி எப்போது தட்டப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

டோல் விஷயத்தில் ஒன்று: பின்புறம் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டி, அதாவது இரண்டு அச்சில் ஆறு சக்கரம், முதல் வகுப்பில் வராது, இரண்டாம் வகுப்புக் கட்டணம். டச் அண்ட் கோ அட்டையில் அதற்கேற்ற மீதி வைத்திருங்கள்.

13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பினாங்குப் பாலத்திலும், 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலத்திலும் காற்று பக்கவாட்டில் அடிக்கும். பெரிய லோரி முந்தும்போது முதலில் உங்களைத் தள்ளும், தாண்டியதும் தன் பக்கம் இழுக்கும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், மணிக்கு 70 கிலோமீட்டர். முதல் பாலத்தில் வரம்பே 80தான்.

மலைப்பாதைக்கு முதல் பயணத்திலேயே போகாமல் இருப்பது நல்லது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு கோலசிலாங்கூர் பொருத்தம்: ஒன்றரை மணி நேரத்துக்குள், சமதளம், திரும்பி வரவும் எளிது. கேமரன் மலை போகத்தான் வேண்டும் என்றால் தாப்பா வழியை விட்டு சிம்பாங் பூலாய் வழி போங்கள், சாலை அகலம். பினாங்கில் பத்து பெரிங்கியிலிருந்து தெலுக் பஹாங் வரை கடலோரச் சாலை வளைந்து வளைந்து குறுகலாகப் போகும், பேருந்தும் எதிரே வரும். பகல் வெளிச்சத்தில் மட்டும் போங்கள்.

இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோ என்றால் எல் அல்லது 2. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி வந்தால் முதலில் தீய்ந்த வாசனை, அடுத்து பெடல் ஆழமாகப் போகும், அதற்கடுத்து பிரேக் பிடிக்காது. சரியான முறை, வேகம் கூடியதும் ஒருமுறை நன்றாக மிதித்து 15 கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுவது. வாசனை வந்தால் ஒதுங்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து அரை மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் விரிசல் விடும்.

மின்சாரம்: அதிகம் பேர் ஏமாறும் இடம்

நம் வெக்கையில் ஏர்கண்டிஷன் இல்லாமல் தூங்க முடியாது என்று நினைப்பது இயல்பு. ஆனால் கணக்கைப் பாருங்கள். 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது 1,280 வாட் மணி. இன்வெர்ட்டரில் போகும் இழப்பைக் கழித்தால் கைக்கு வருவது 1,100 அளவு. சராசரி 600 வாட் இழுக்கும் ஏர்கண்டிஷன் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும். இரவு எட்டு மணி நேரத்துக்கு 4,800 வாட் மணி, அதாவது இப்படிப்பட்ட பேட்டரி நான்கைந்து. ஈய அமில பேட்டரி என்றால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, அதனால் எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

இன்னொரு பக்கம் பார்த்தால், இரண்டு 15 வாட் காற்றாடி இரவு முழுக்க ஓடினால் 240. பன்னிரண்டு வோல்ட் குளிர்பெட்டி ஒரு நாளுக்கு 500 முதல் 600. 500 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரத்துக்கு 250. விளக்கு, கைப்பேசி சேர்த்து 100. ஒரே பேட்டரியில் ஒரு நாள் ஓட்டிவிடலாம். ஆகவே இரண்டில் ஒன்றை முன்பே முடிவு செய்யுங்கள்: மின்சார இணைப்பு உள்ள முகாமில் தங்கி ஏர்கண்டிஷன் போடுவது, அல்லது மலையடிவாரத்தில் கொசுவலையும் காற்றாடியுமாக இருப்பது. மலைப்பகுதியான ஜன்டா பாய்க் பக்கம் இரவில் காற்றாடியே போதும்.

முகாமில் கிடைப்பது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் அதே மூன்று முனை 13 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட். ஏர்கண்டிஷன், தண்ணீர் ஹீட்டர், கெட்டில் மூன்றையும் சேர்த்துப் போட்டால் தாங்காது. சுருள் எக்ஸ்டென்ஷன் வயரைப் பாதி மட்டும் இழுத்துப் பயன்படுத்துவது மிகவும் ஆபத்தான பழக்கம். சுருளுக்குள் இருக்கும் வயர் வெளியேற வழியில்லாத சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டும். வயர் முழுவதையும் இழுத்துத் தரையில் போடுங்கள், இணைப்பு முனையை ஈரம் படாமல் கல்லின் மேல் தூக்கி வையுங்கள். செருகியதும் வண்டிக்குள் இருக்கும் இஎல்சிபியின் (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சட்டென விழுந்தால் சரி. விழாவிட்டால் அந்த இணைப்பைப் பயன்படுத்தாதீர்கள்.

சொந்தமாக இன்வெர்ட்டர் பொருத்துகிறவர்களுக்கு: 1,000 வாட் என்றால் 12 வோல்ட் பக்கம் 95 ஆம்பியர் வரை ஓடும். அதற்குக் குறைந்தது 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பேட்டரியை ஒட்டி 125 ஆம்பியர் ஃபியூஸ். கார் ஒலிபெருக்கிக்குப் போடும் மெல்லிய வயரில் இதைச் செய்வதுதான் வண்டி எரிவதற்குக் காரணம்.

ஜெனரேட்டரை வண்டியிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகை காற்றோடு விலகிப் போகும் திசையில் வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை, தூங்குகிறவர் எழவே மாட்டார். மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி தலைமாட்டுக்கு அருகில் இருக்கட்டும்.

சமையல்

தாளிப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கடுகு, காய்ந்த மிளகாய், கருவேப்பிலையை எண்ணெயில் போடும் அந்த ஒரு நிமிடப் புகை, சிறிய இடத்தில் திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஏறி ஒரு வாரம் இருக்கும். நெத்திலி வறுவல் சொல்லவே வேண்டாம். வீட்டிலேயே தொக்கு, புளிக்காய்ச்சல், தாளித்த பொடி என்று செய்து எடுத்துவந்தால் வண்டிக்குள் சோறு மட்டும் வடித்தால் போதும்.

எல்பிஜி, அதாவது சிலிண்டரில் வரும் சமையல் கேஸ், காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் படியும், அதனால் கேஸ் எச்சரிக்கைக் கருவியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்த வேண்டும். சிலிண்டர் இருக்கும் அறையின் அடியில் ஓட்டை இருக்கும். அது கேஸ் வெளியேறுவதற்காக வைத்தது. கரப்பான் வருகிறது என்று அதைத் துணியால் அடைத்துவிடுகிறார்கள். அடைக்காதீர்கள், கம்பிவலை ஒட்டுங்கள். இணைப்புகளைச் சோப்புத் தண்ணீரால் சோதியுங்கள், குமிழி வந்தால் இறுக்குங்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்க வேண்டும்.

சிறிய பியூட்டேன் டப்பா அடுப்பில் இட்லிப் பானையோ பெரிய தட்டையான வாணலியோ வைக்கக் கூடாது. பாத்திரம் டப்பா அறையின் மேல் நீண்டால் சூடு கீழே திரும்பி டப்பா வெடிக்கும்.

தண்ணீரும் கழிப்பறையும்

நான்கு பேர் சிக்கனமாகக் குளித்தால் ஒரு நாளுக்கு 60 முதல் 80 லிட்டர். தொட்டி வறண்ட பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் எரிந்துவிடும். வெளியே போகும்போதும் தூங்கும்போதும் பம்ப் சுவிட்சை அணையுங்கள். பல நாள் நிறுத்திவைத்த வண்டியின் தொட்டியில் வழவழப்பு படிந்திருக்கும். 100 லிட்டருக்கு வாசனை சேர்க்காத 5 விழுக்காட்டுக் குளோரின் திரவம் 100 மில்லி கலந்து, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து, நான்கு மணி நேரம் விட்டு, முழுவதும் வடித்து இரண்டு முறை அலசுங்கள்.

கழிப்பறையில் கழற்றி எடுக்கும் கேசட் தொட்டி 17 முதல் 20 லிட்டர். நம் வெப்பத்தில் இரண்டு நாளுக்கு மேல் விடக் கூடாது. உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும், அடுத்தமுறை தகட்டைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும். காலி செய்ய:

1. முகாம் உரிமையாளரிடம் கேட்டு, அவர்கள் கழிப்பறைக்கே எடுத்துச் செல்லுங்கள். மழைநீர்க் கால்வாயிலோ ஓய்வுப் பகுதியின் கை கழுவும் தொட்டியிலோ ஊற்றுவது குற்றம், நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் கதவை அடைக்கும்.
2. குழாயைத் திருப்பி, மூடியைக் கழற்றி, சாய்க்கும்போது காற்றுப் பொத்தானை அழுத்தியபடி ஊற்றுங்கள். அழுத்தாவிட்டால் களக் களக்கென்று தெறிக்கும்.
3. இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டு குலுக்கி மீண்டும் ஊற்றுங்கள்.
4. மேலும் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரும் கழிப்பறை ரசாயனமும் சேர்த்து மாட்டுங்கள். ரப்பர் வளையத்துக்கு வாஸ்லின் தடவாதீர்கள், ரப்பர் ஊதிக் கசியும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரையும் புல்லில் திறந்துவிடக் கூடாது. சோற்றுப் பருக்கைக்கு எறும்பு வரும், அடுத்து எலி, அடுத்து இஞ்சின் வயர் கடிபடும்.

மழை, ஆனிங், மண்

கோலாலம்பூரில் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் இடியோடு கொட்டும் மழை எவ்வளவு வேகமாக வரும் என்று நமக்குத் தெரியும். ஆனிங்கை விரித்துவிட்டு மதியத் தூக்கம் போடுகிறவர்களுக்கு அதுதான் சோதனை. 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் துணியில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 150 கிலோ. கம்பி மடங்கும், சில சமயம் வண்டியின் பக்கச்சுவரிலிருந்தே பிய்த்துக்கொண்டு வரும். விரிக்கும்போதே ஒரு காலை மற்றதைவிட ஒரு முழம் தாழ்த்துங்கள், தண்ணீர் அந்த மூலையால் வடியும். காற்று எழும்பினாலோ, தூங்கப் போனாலோ, வண்டியை விட்டு நகர்ந்தாலோ சுருட்டிவிடுங்கள். ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால் இரண்டு நாளுக்குள் விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை, கிழக்குக் கரைக்கு அப்போது போக வேண்டாம். எந்த மாதமானாலும் ஆற்றோர முகாமில் தண்ணீர் மட்டத்துக்கு அருகே நிறுத்தாதீர்கள். உங்களுக்கு மேலே வெய்யில் அடித்தாலும் மலையில் பெய்த மழை திடீரென்று வரும். தண்ணீர் கலங்கி இலையும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே குழந்தைகளை மேலே ஏற்றுங்கள்.

புல்வெளியில் நிறுத்தும் முன் இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் பதிந்தால் மூன்று டன் வண்டி நிச்சயம் பதியும். வெளியேறும் திசையில் முகம் இருக்கும்படி நிறுத்துங்கள். இரண்டு பலகை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள், சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும். மண்ணை விலக்கி, இயங்கும் சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுத்து இரண்டாம் கியரில் மெல்ல எடுங்கள்.

தெலுக் பஹாங்கிலும் பத்துமலைப் பக்கத்திலும் குரங்குகள் பிளாஸ்டிக் பையின் சத்தத்துக்கே வந்துவிடும். கூரை ஜன்னலைத் திறந்துவிட்டு நடக்கப் போகாதீர்கள். தைப்பூச வாரத்தில் பத்துமலை, தண்ணீர்மலை சுற்றுவட்டாரச் சாலைகள் மூடப்படும். கோயில் வளாகத்தில் தங்க விரும்பினால் ஆலய நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள், கேட்காமல் நிறுத்துவது முறையல்ல.

கிளம்பும் நேரம்

காலையில் புறப்படும் அவசரத்தில்தான் படிக்கட்டு மடங்காமலே, மின்வயர் செருகியபடியே வண்டி நகரும். வயரைச் செருகும்போதே வண்டிச் சாவியை அதே பிளக்கின் மேல் மாட்டிவையுங்கள், கழற்றாமல் ஓட்ட முடியாது. ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்று பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் கூரை ஜன்னல், அலமாரிக் கொக்கிகள், குளிர்பெட்டிக் கதவு, பம்ப், கேஸ் வால்வு எல்லாம் பார்க்க வேண்டும். வெளியே இருப்பவர் வண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, படிக்கட்டு, ஆனிங் பூட்டு, கழிப்பறைக் கதவு, சக்கரக் கட்டை, கடைசியாகக் கூரையைப் பார்க்க வேண்டும். சமையல் கத்தியும் கெட்டிலும் மேசையில் இருந்தால் முதல் பிரேக்கில் பறக்கும்.

முகாம் வாசலைத் தாண்டி ஒரு கிலோமீட்டரில் ஒதுங்கி நிறுத்தி, உள்ளே ஏதாவது உருண்டதா, அலமாரி எதுவும் திறந்ததா என்று பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி என்றால் 80 கிலோமீட்டர் ஓடியபின் அடுத்த ஓய்வுப் பகுதியில் போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள், நட்சத்திர வடிவில், எதிரெதிர் போல்ட்டாக.